இது பில் அல்ல

அமெரிக்காவில் மருத்துவக் காப்பீடு உள்ள குடும்பங்களுக்கு வரும் ஒரு கடிதத்தின் தலைப்பில் தடித்த எழுத்தில் இப்படி இருக்கும்: 'இது பில் அல்ல.' கடிதத்தின் பெயர் எக்ஸ்பிளனேஷன் ஆஃப் பெனிஃபிட்ஸ். அங்கே எல்லோரும் ஈஓபி என்பார்கள். நாம் பலன் விளக்கக் கடிதம் என்று வைத்துக்கொள்ளலாம். குடும்பத்தில் யார் டாக்டரிடம் போனாலும் சில வாரங்களில் அது வந்துவிடும். போனது யார், எந்தத் தேதியில், எந்த மருத்துவரிடம், என்ன வகைச் சேவை, மருத்துவர் கேட்ட தொகை எவ்வளவு, கம்பெனி கொடுத்தது எவ்வளவு, நீங்கள் கட்ட வேண்டியது எவ்வளவு என்று கட்டம் கட்டமாகச் சொல்லும்.

பில் அல்ல என்பது உண்மைதான். ஆனால் அது என்ன என்பதைக் கடிதம் சொல்வதில்லை. மருத்துவரிடம் போனது 22 வயது மகளாக இருக்கும். கடிதம் பெரும்பாலும் பாலிசிதாரரான அப்பாவின் பெயருக்கு வரும். மகள் போன இடம் மகளிர் மருத்துவரின் அறை என்றால், அப்பா காபி குடித்துக்கொண்டே அதைப் படித்துத் தெரிந்துகொள்வார்.

இந்த விஷயம் எனக்குத் தெரியவந்தது என் பெரியம்மா மகளின் மகள் மூலமாக. நியூ ஜெர்சியில் பிறந்து வளர்ந்தவள், அங்கேயே கல்லூரியில் படிக்கிறாள். அவள் சம்மதத்தோடு, பெயர் இல்லாமல் எழுதுகிறேன். மாதவிடாய் வந்தால் பத்து நாள், பன்னிரண்டு நாள் நிற்காமல் போகிறது. வகுப்பில் எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது. கல்லூரி மருத்துவ மையத்தில் ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்த மாத்திரை எடுக்கலாம் என்றார்கள், ஒரு மகளிர் மருத்துவரைப் பார் என்றும் எழுதிக்கொடுத்தார்கள். அந்த மாத்திரை கருத்தடை மாத்திரைதான். உலகம் முழுக்க இந்தத் தொந்தரவுக்குக் கொடுப்பது. அவள் எட்டு மாதம் போகவில்லை.

"டாக்டர் யார்கிட்டயும் சொல்லமாட்டாங்க சித்தி, அது எனக்குத் தெரியும். ஆனா அப்பாவோட இன்சூரன்ஸ் சொல்லிடும். மாத்திரை பேரே வரும். அப்புறம் எதுக்குன்னு நான் வெளக்கணும். வெளக்கினாலும் நம்புவாங்களா?"

அவள் அப்பா நல்ல மனிதர். கை ஓங்குகிறவர் இல்லை, கத்துகிறவரும் இல்லை. ஆனால் அவருக்கு அந்த மாத்திரைக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் தெரியும். இதே வீட்டில் அவள் பெரியவளானபோது ஒரு மண்டபம் எடுத்து, மஞ்சள் பட்டில் உட்காரவைத்து, நூற்றைம்பது பேருக்குச் சாப்பாடு போட்டார்கள். அவளுடைய முதல் ரத்தத்தை ஊரே வாழ்த்தலாம். நிற்காத ரத்தத்தைப் பற்றி மருத்துவரிடம் பேசுவதைத்தான் அவள் ஒளிக்க வேண்டியிருக்கிறது. இதில் அமெரிக்கா எவ்வளவு, நம் ஊர் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க எனக்கு ஆசை. அப்படித்தான் இந்தக் கடிதத்தின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

மகளின் உடம்பு அப்பாவின் வேலையோடு எப்படி ஒட்டிக்கொண்டது? 1929இல் டெக்சாஸ் மாநிலம் டாலஸில் பேலர் பல்கலைக்கழக மருத்துவமனை, ஊர்ப் பள்ளி ஆசிரியர்களோடு ஒரு ஏற்பாடு செய்துகொண்டது. மாதம் 50 சென்ட் கட்டினால், தேவைப்படும்போது 21 நாள் வரை மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறலாம். பின்னாளில் புளூ கிராஸ் என்று வளர்ந்த திட்டத்தின் விதை இதுதான். பள்ளி ஆசிரியர்களில் பெரும்பாலோர் பெண்களாக இருந்த காலம் அது. அதாவது அமெரிக்க மருத்துவக் காப்பீட்டின் தொடக்கத்தில் இருந்தவர்கள், தன் சம்பளத்தில் தன் பெயரில் காசு கட்டிய டீச்சர்கள். எனக்கு இது பிடித்த விவரம்.

பிறகு போர் வந்தது. 1942இல் அரசு சம்பள உயர்வுக்குக் கடிவாளம் போட்டது. ஆள் தேவைப்பட்ட கம்பெனிகள் சம்பளத்தை ஏற்ற முடியாமல் காப்பீடு போன்ற சலுகைகளைக் கொடுத்தன. அவை சம்பளக் கணக்கில் சேராது என்று அரசும் விட்டுவிட்டது. 1954 வருமான வரிச் சட்டம், முதலாளி கட்டும் காப்பீட்டுத் தொகைக்குத் தொழிலாளி வரி கட்ட வேண்டாம் என்று உறுதிசெய்தது. அதன்பின் காப்பீடு வேலையோடு பிணைந்துபோனது. வேலை அந்தக் காலத்துக் குடும்பத் தலைவரோடு பிணைந்திருந்தது. மனைவியும் பிள்ளைகளும் 'டிபென்டன்ட்', அவரைச் சார்ந்தவர்கள். ரேஷன் கார்டில் நாம் பார்த்து வளர்ந்த அதே வரிசை.

சார்ந்திருக்கும் பெண்ணின் கருப்பைக்கு இந்த ஏற்பாட்டில் என்ன மதிப்பு என்பதற்கு இரண்டு தீர்ப்புகளைப் பார்க்கலாம். 1976இல் ஜெனரல் எலக்ட்ரிக் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஊழியர் உடல்நலக்குறைவுக்கான சலுகைத் திட்டத்தில் கர்ப்பத்தை விட்டுவிடுவது பாலினப் பாகுபாடு ஆகாது என்றது. கொதித்தெழுந்த பெண்கள் இயக்கங்களின் அழுத்தத்தால் 1978இல் கர்ப்பப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் வந்தது. 1983இல் நியூபோர்ட் நியூஸ் கப்பல் கட்டும் நிறுவன வழக்கு. ஆண் ஊழியர்களின் மனைவியருக்குப் பிரசவச் செலவைக் குறைத்துக் கொடுத்தது அந்த நிறுவனம். அது தவறு என்று தீர்ப்பானது. காரணம்தான் வேடிக்கை: ஆண் ஊழியருக்குக் கிடைக்கும் குடும்பச் சலுகை பெண் ஊழியருக்குக் கிடைப்பதைவிடக் குறைவாக இருக்கிறது, ஆகவே அந்த ஆணுக்குப் பாகுபாடு. மனைவியின் பிரசவத்தைக் கணவனின் உரிமை வழியாகச் சென்று மீட்க வேண்டியிருந்தது. மகளுக்கு இந்த வழியும் இல்லை. சார்ந்திருக்கும் மகளின் பிரசவச் செலவை ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் பெரிய நிறுவனங்களின் திட்டங்களுக்கு இன்றும் கிடையாது. மகள் தலையில் அடிபட்டுக்கொள்ளலாம், டான்சில் எடுத்துக்கொள்ளலாம்.

அந்தரங்க உரிமையின் கதை இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு தடத்தில் ஓடியது. கனெக்டிகட் மாநிலத்தில் கருத்தடைச் சாதனத்தைப் பயன்படுத்துவதே குற்றம் என்று 1879இல் ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். 1961இல் எஸ்டெல் கிரிஸ்வோல்டும் டாக்டர் லீ பக்ஸ்டனும் நியூ ஹேவனில் ஒரு கருத்தடை மருத்துவ மையம் திறந்து, கைதாகி, ஆளுக்கு 100 டாலர் அபராதம் வாங்கினார்கள். வழக்கு மேலே போய், 1965இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. நீதிபதிகள் அன்று காப்பாற்றியது கணவன் மனைவியின் படுக்கையறையை. போலீஸ் உள்ளே வரக்கூடாது என்றார்கள். கல்யாணமாகாத பெண் அந்த அறைக்குள் இல்லவே இல்லை.

அவள் உள்ளே வர மேலும் ஏழு வருஷம் ஆனது. பில் பேர்ட் என்பவர் 1967இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் பேசிவிட்டு, ஒரு மாணவிக்குக் கருத்தடை நுரைமருந்து கொடுத்ததற்காகக் கைதானார். மாசசூசெட்ஸ் சட்டப்படி கல்யாணமானவர்களுக்குத்தான் அதைத் தரலாம், அதையும் மருத்துவர்தான் எழுதித் தரலாம். 1972இல் அந்த வழக்கில் நீதிமன்றம், அந்தரங்கம் தம்பதி என்ற ஜோடிக்கு உரியதல்ல, அதற்குள் இருக்கும் ஒவ்வொரு தனி ஆளுக்கும் உரியது, மணமானவரோ ஆகாதவரோ, என்று சொன்னது. 1965க்கும் 1972க்கும் இடையிலான அந்தத் தூரத்தை நான் வகுப்பில் சொல்லும்போது மாணவிகளுக்குச் சட்டென்று புரிந்துவிடுகிறது. வீட்டுக்கு ஒரு கதவு இருப்பது வேறு, வீட்டுக்குள் தனக்கொரு கதவு இருப்பது வேறு.

நம் ஊரிலும் இந்த வேறுபாடு கட்டடமாகவே நிற்கிறது. திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையைக் 'கோஷா ஆஸ்பத்திரி' என்றுதான் பழையவர்கள் சொல்வார்கள். 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொண்டபோது சேர்ந்த சிலரில் ஒருவரான மேரி ஷார்லீப், லண்டன் போய் மேற்கொண்டு படித்துத் திரும்பி வந்து, சாதிப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்கும் என்று 1885இல் தொடங்கியது. ஆண் மருத்துவர் பார்க்கக்கூடாது என்பதற்காகச் செத்துக்கொண்டிருந்த பெண்கள் அங்கே பிழைத்தார்கள். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அந்தத் திரை வெளி ஆண்களின் கண்ணிலிருந்துதான் பெண்ணை மறைத்தது. மாமியாரிடமிருந்தும் கணவனிடமிருந்தும் அவளுக்கு மறைவு வேண்டும் என்று அன்று யாரும் யோசித்திருக்க வாய்ப்பில்லை. மறைவு குடும்பத்தின் மானத்துக்கு.

அமெரிக்காவுக்குத் திரும்புகிறேன். அப்பாவுக்குக் கடிதம் அனுப்பலாமா என்ற கேள்வி அங்கே ஒருமுறை வெளிப்படையாகவே எழுந்தது. 1970இல் நிக்சன் கையெழுத்திட்ட டைட்டில் டென் என்ற திட்டம், ஏழைப் பெண்களும் இளம் பெண்களும் குறைந்த செலவில் குடும்பக் கட்டுப்பாட்டு மையங்களுக்குப் போக அரசுப் பணம் கொடுத்தது. ரீகன் அரசு 1982இல் ஒரு விதியை முன்வைத்து, 1983 ஜனவரியில் இறுதி செய்தது. இந்த மையங்களில் 18 வயதுக்குக் குறைந்த பெண்ணுக்குக் கருத்தடை மருந்து எழுதிக்கொடுத்தால், பத்து வேலைநாளுக்குள் பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும். பத்திரிகைகள் அதற்கு வைத்த பெயர் 'ஸ்குவீல் ரூல்'. கோள்மூட்டும் சட்டம் என்று சொல்லலாம். மருத்துவர்கள் எதிர்த்தார்கள், பெண்கள் அமைப்புகள் எதிர்த்தன, நியூ யார்க் மாநிலமே வழக்குப் போட்டது. நடைமுறைக்கு வருமுன்பே நீதிமன்றங்கள் அதை நிறுத்திவிட்டன.

பதினாறு வயதுப் பெண்ணைப் பற்றி அரசாங்கம் எழுத நினைத்த கடிதத்தை அத்தனை பேர் சேர்ந்து மறித்தார்கள். இருபத்துநான்கு வயதுப் பெண்ணைப் பற்றிய கடிதத்தைக் காப்பீட்டு நிறுவனத்தின் கணினி தினமும் அச்சடித்து அனுப்புகிறது. இதை வேண்டும் என்று முடிவுசெய்து யாரும் கொண்டுவரவில்லை, ஆகவே மறிக்க வேண்டும் என்றும் ரொம்ப காலம் யாருக்கும் தோன்றவில்லை. இது கணக்கு வழக்கு விவகாரம். 1974இன் எரிசா என்ற சட்டமும் மாநிலச் சட்டங்களும், ஒரு கிளெய்மை மறுத்தால் எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும் என்கின்றன. போகாத டாக்டருக்குப் பில் போட்டு ஏமாற்றுவதைக் கண்டுபிடிக்கவும் கடிதம் உதவுகிறது. வருஷத்துக்கு இத்தனை ஆயிரம் டாலர் வரை நீங்களே கட்ட வேண்டும் என்ற வரம்பு, பல திட்டங்களில் குடும்பத்துக்கே சேர்த்து இருக்கிறது. கட்டுகிறவருக்குக் கணக்கு வேண்டாமா? வேண்டும்தான். பாலிசிதாரரைக் காப்பாற்றப் போட்ட ஏற்பாடு, பாலிசிதாரரும் நோயாளியும் ஒரே ஆள் என்று நினைத்துப் போட்டது.

2010இல் ஒபாமா கையெழுத்திட்ட காப்பீட்டுச் சட்டம் இந்த முடிச்சை இறுக்கியது. அதற்குமுன் பல திட்டங்களில் 19 வயதோடு, அல்லது கல்லூரி முடிந்ததோடு பிள்ளைகள் வெளியே. புதிய சட்டம் 26 வயது வரை பெற்றோர் காப்பீட்டில் இருக்கலாம் என்றது, கல்யாணமாகியிருந்தாலும், வேறு ஊரில் இருந்தாலும். மிக நல்ல விஷயம், எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றிய விஷயம். அதோடு, ஓட்டுப்போடலாம், ராணுவத்தில் சேரலாம், வீடு வாங்கலாம், ஆனால் ரத்தப் பரிசோதனைக்குப் போனால் அப்பாவுக்குக் கடிதம் போகும் என்ற ஒரு புதுவகை வயதுவந்தவரையும் அது உருவாக்கியது. 2012 ஆகஸ்டிலிருந்து கருத்தடைக்கும் மகளிர் வருடாந்திரப் பரிசோதனைக்கும் நோயாளி ஒரு சென்ட் தர வேண்டாம் என்று ஆனது. கட்ட வேண்டிய தொகை பூஜ்யம். பூஜ்யம் என்று தெரிவிக்கவும் கடிதம் போகிறது.

ஹிப்பா சட்டம் இல்லையா என்று அங்கே இருப்பவர்கள் கேட்பார்கள். இருக்கிறது. சட்டம் 1996இல், அதன் அந்தரங்க விதிகள் நடைமுறைக்கு வந்தது 2003 ஏப்ரலில். அதில் ஒரு கதவு வைத்திருக்கிறார்கள்: எனக்கான தகவலை வேறு முகவரிக்கு அனுப்புங்கள் என்று நோயாளி கேட்கலாம். மருத்துவரிடம் கேட்டால், நியாயமான கோரிக்கையாக இருந்தால் அவர் ஏற்க வேண்டும், காரணம் கேட்கக்கூடாது. காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்டால், இந்தத் தகவல் வெளியானால் எனக்கு ஆபத்து என்று அவள் சொன்னால்தான் ஏற்க வேண்டிய கட்டாயம்.

அந்த 'ஆபத்து' என்ற சொல்லில் நான் நெடுநேரம் நின்றேன். என் பெரியம்மா பேத்திக்கு ஆபத்து ஒன்றுமில்லை. அவளை யாரும் அடிக்கப்போவதில்லை. சாப்பாட்டு மேசையில் ஒரு மௌனம், அம்மாவின் அழுகை, அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஒரு ஜாதகம், இவ்வளவுதான். அப்பாவை ஆபத்தானவர் என்று ஒரு படிவத்தில் எழுத அவளுக்கு மனம் வரவில்லை. தன் உடம்பைப் பற்றிய தகவல் தன்னிடம் மட்டும் இருக்க வேண்டும் என்று கேட்பதற்கு, வீட்டில் ஒரு வில்லனைக் காட்டச் சொல்கிறது இந்த விதி. நல்ல வீடுகளில் வளரும் பெண்களுக்கு இதில் இடமில்லை.

2013இல் இன்னொரு கதவு வந்தது. முழுத் தொகையையும் கையிலிருந்து கட்டிவிட்டால், இதைக் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லாதே என்று மருத்துவரிடம் கேட்கலாம், அவர் கட்டுப்பட வேண்டும். காசு இருப்பவளுக்கு அந்தரங்கம். அவள் கடைசியில் போனது டைட்டில் டென் பணத்தில் நடக்கும் ஒரு மையத்துக்கு, பேருந்தில் நாற்பது நிமிடம். வருமானத்தைப் பார்த்துக் கட்டணம் வைப்பார்கள். பகுதிநேர நூலக வேலைச் சம்பளத்துக்கு ஏற்பக் கொஞ்சம் வாங்கிக்கொண்டார்கள். ரத்தசோகை என்று இரும்புச்சத்து மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அப்பா வருஷம் முழுக்கச் சம்பளத்தில் பிடித்துக் கட்டுகிற காப்பீடு சும்மா கிடக்க, அவள் ஏழைகளுக்கான வரிசையில் நின்றாள்.

சில மாநிலங்கள் இதைப் புரிந்துகொண்டன. கலிஃபோர்னியா 2013இல் சட்டம் இயற்றி 2015 ஜனவரி முதல், அந்தரங்கச் சேவைகள் பற்றிய கடிதத்தைத் தனக்கே அனுப்பும்படி கேட்கலாம் என்றது. அதற்கு ஆபத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. 2022 ஜூலையிலிருந்து இன்னும் ஒரு படி மேலே: கேட்காமலேயே அவளுக்குத்தான் அனுப்ப வேண்டும். ஓரிகன் 2015இலும் மாசசூசெட்ஸ் 2018இலும் சட்டம் போட்டன. ஆனால் பெரிய கம்பெனிகள் பலவும் காப்பீட்டை வெளியில் வாங்காமல் தாங்களே பணம் ஒதுக்கி நடத்துகின்றன. அப்படிப்பட்ட திட்டங்களை எரிசாவின் காரணமாக மாநிலக் காப்பீட்டுச் சட்டங்கள் தொட முடியாது. அந்த நாட்டுக்குப் போன நம்மவர்களில் எத்தனை பேர் பெரிய கம்பெனிகளில் வேலை செய்கிறார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 2022 ஜூனில் கருக்கலைப்பு உரிமையை உச்ச நீதிமன்றம் பறித்தபின், இந்தக் கடிதங்களைப் படிக்கக்கூடியவர் அப்பா மட்டும்தானா என்ற பயமும் சேர்ந்துகொண்டது.

தமிழ் படித்தவள் என்பதால் எனக்கு இதற்கெல்லாம் நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது என்று தோன்றிக்கொண்டே இருந்தது. அகத்திணையில் மகளின் உடல் மெலிந்தால் தாய் கலங்கி வேலனை அழைக்கிறாள். வெறியாட்டு நடக்கிறது, இது முருகனால் வந்த நோய் என்று வேலன் சொல்லிவிடுகிறான். மகளின் உடம்பைப் பற்றி மகளிடம் கேட்காமல் நிபுணரைக் கூப்பிடும் வழக்கத்துக்கு நம்மிடம் இரண்டாயிரம் வருஷச் சான்று இருக்கிறது. அதற்குப் பதிலாகப் புலவர்கள் வைத்ததுதான் அறத்தொடு நிற்றல். தலைவி தோழியிடம் சொல்வாள், தோழி செவிலியிடம், செவிலி நற்றாயிடம், நற்றாய் தந்தைக்கும் தமையன்மாருக்கும். செய்தி கடைசியில் அப்பாவிடம்தான் போகிறது. அந்த மரபைப் பெண்விடுதலை என்று நான் கொண்டாடமாட்டேன். இற்செறிப்பும் அதே மரபில்தான் இருக்கிறது. ஆனாலும் அங்கே செய்தி தலைவியிடமிருந்து புறப்படுகிறது. எப்போது, எந்தச் சொற்களில் என்று யோசிக்க ஒரு தோழி இருக்கிறாள். ஒவ்வொரு படியிலும் ஒரு பெண் நின்று அதைப் பக்குவப்படுத்துகிறாள். ஈஓபி கடிதத்தில் தோழியும் இல்லை, செவிலியும் இல்லை. நேரே தந்தை.

அம்மாக்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் பேச்சில் அவர்கள் எப்போதும் அப்பாவின் பக்கத்தில், கடிதத்தைப் பிரிக்கிறவர்களாகத்தான் வருகிறார்கள். ஆனால் எச்4 விசாவில் கணவனைத் தொடர்ந்து போன பெண்களும் அதே காப்பீட்டில் டிபென்டன்ட்தான். 2015 வரை எச்4 விசாவில் வேலை செய்யவே அனுமதியில்லை. அதன் பிறகும், கணவரின் கிரீன் கார்டு மனு ஒரு கட்டத்தைத் தாண்டியவர்களுக்குத்தான். தனக்கென்று ஒரு சம்பளம் இல்லாத, ஆகவே தன் பெயரில் ஒரு காப்பீடும் இல்லாத நாற்பது வயதுப் பெண், இன்னொரு குழந்தை வேண்டாம் என்று காப்பர் டி வைத்துக்கொள்ளப் போனாலும், மனநல ஆலோசகரிடம் அழப் போனாலும், கணவன் பெயருக்கு அதே கடிதம். மகளின் வரிக்கு மேல் வரியில் அம்மாவின் பெயர் இருக்கிறது.

ஹிப்பா படிவத்தை நான் இணையத்தில் இறக்கிப் பார்த்தேன். ஒரே பக்கம்தான். பெயர், பிறந்த தேதி, பாலிசி எண். பிறகு, கடிதங்களை எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு கட்டம். கல்லூரி விடுதித் தபால்பெட்டி எண்ணை எழுதலாம் என்றாள் அவள். மே மாதம் விடுதியைக் காலி செய்யும்போது, மாற்று முகவரி கொடுத்துவிட்டுப் போகச் சொல்கிறார்கள். கோடைவிடுமுறைத் தபால் எல்லாம் அங்கே திருப்பிவிடப்படும். அவள் கொடுத்திருப்பது வீட்டு முகவரியை.